சக்கரவர்த்தி தந்தையான வரலாறு

உயிரினங்களின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய அந்த அறிவிப்பு, வனத்துறை வட்டார அலுவலகத்தின் மாடியில், மூன்று மின்விசிறிகளில் ஒன்று மட்டும் சுற்றுகிற கூட்ட அறையில், இயக்குநரின் திருவாயால் வெளியிடப்பட்டது. அறையிலிருந்த அத்தனை பேரும் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். நின்றார்கள். இயக்குநர் தொண்டையைச் செருமினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, நமது மலைக்காட்டின் மணிமகுடமும், நமது துறையின் முத்திரையும், நமது அலுவலகக் காலண்டரில் பன்னிரண்டு மாதமும் காட்சி தருபவருமாகிய சிறுத்தை சக்கரவர்த்தி அவர்கள் நான்கு குட்டிகளுக்குத் தந்தையாகியிருக்கிறார் என்ற செய்தியை மனித குலத்துக்கு அளித்தார்.

மனித குலத்தின் சார்பில் அங்கே ஒரு இருபது பேர் இருந்தார்கள். கைதட்டினார்கள். முதலில் ஆரம்பித்துக் கடைசியில் நிறுத்தியவர் துணை இயக்குநர். அவருக்கு அலுவலகத்தில் எதிரொலி என்று பெயர். இயக்குநர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அதன் கடைசிச் சொல்லை இவர் சொல்லி முடித்திருப்பார். இயற்கையில் எதிரொலி பின்னால்தான் வரும். பதவி உயர்வு நெருங்கும்போது முன்னாலும் வரும்.

சிறுத்தைக்கு 'அவர்கள்' போட்டது வாய் தவறி அல்ல. சுற்றறிக்கையிலேயே அப்படித்தான் இருந்தது. மற்ற சிறுத்தைகள் எல்லாம் அந்த அலுவலகத்தில் 'அது'. சக்கரவர்த்தி மட்டும் 'அவர்'. அவர் இளைப்பாறினார், அவர் நீர் அருந்தினார், அவர் காட்டுப்பன்றி ஒன்றைக் கொன்றருளினார்.

கடைசி வரிசையில், ஒரு கால் குட்டையான பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடி கைதட்டாமல் இருந்தவள் ஒருத்தி மட்டும்தான். அலுவலகத்தின் மரபணு ஆய்வாளர். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு சின்ன சந்தேகம். அந்த நான்கு குட்டிகளும் காட்டில் போட்டுவிட்டுப் போன எச்சம் அவள் வீட்டு ஃப்ரீஸரில், ஐஸ்கிரீம் டப்பாவுக்குள், இன்னும் திறக்கப்படாமல் இருந்தது. யார் அப்பா என்று அவளுக்கே தெரியாது. இவருக்கு எப்படித் தெரிந்தது?

கேட்டாள். வேறு யாருக்கு அந்தத் தகுதி இருக்கிறது என்று இயக்குநர் திருப்பிக் கேட்டார். எதிரொலி 'தகுதி' என்றார்.

விஷயம் இத்துடன் முடிந்திருந்தால் அவளும் பேசாமல் போயிருப்பாள். ஆனால் அலுவலக வாசலில் சிலை வைக்கப்போகிறார்கள். சக்கரவர்த்தி அவர்கள் கம்பீரமாக உட்கார்ந்திருக்க, நான்கு குட்டிகளும் அவரை அண்ணாந்து பார்க்க, அமைச்சர் வந்து திரையை விலக்குவார். ஆண் சிறுத்தை குட்டியை வளர்ப்பதில்லை, ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, சில சமயம் தின்றுவிடுவதும் உண்டு என்று அவள் ஏற்கெனவே ஒருமுறை சொல்லி, மக்கள் உணர்வைப் புண்படுத்தக்கூடாது என்று பதில் வாங்கியிருந்தாள். இப்போது புதிதாக ஒரு வேண்டுகோள். பீடத்தில் 'மரபணுச் சோதனையால் உறுதி செய்யப்பட்டது' என்று பொறிக்க வேண்டுமாம். அதற்கு அவள் ஒரு சான்று தர வேண்டும். சோதனை செய்வதும் செய்யாததும் அவள் சௌகரியம்.

அவள் செய்தாள். அதுதான் அவளிடம் உள்ள கோளாறு.

அவளுடைய ஆய்வகம் கீழ்த்தளத்தில், பழைய கோப்புகள் கிடந்த அறையில் இருந்தது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கழிப்பறை. இன்னொரு சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் முதலில் இயக்குநர் அறை ஏசியைக் குளிர வைக்கும், பிறகு மிச்சம் இருந்தால் விஞ்ஞானத்தைக் குளிர வைக்கும். அதனால் முக்கியமான எச்சம் எல்லாம் அவள் வீட்டுக்குப் போய்விடும். ஜீப்காரர்கள் காட்டுப் பாதையில் சிறுத்தை போட்டுவிட்டுப் போனதைக் கவரில் எடுத்து வருவார்கள். அவள் அதன் மேற்பரப்பைப் பஞ்சால் துடைப்பாள். வெளியே வரும்போது குடலை உரசிக்கொண்டு வருவதால் அதில் அந்த விலங்கின் சொந்த உயிரணுக்கள் நாலு ஒட்டிக்கொண்டிருக்கும். அது போதும். விலங்கை ஒருமுறைகூடப் பார்க்காமல், அது ஆணா பெண்ணா, யார் பெற்றது, யாருக்கு என்ன உறவு என்று அப்பன் பாட்டன் வரை சொல்லிவிடுவாள். இந்த அரிய வித்தைக்காக அலுவலகம் அவளுக்குச் சூட்டிய பெயர் 'எச்ச மேடம்'. நேரில் 'மேடம்' மட்டும். அவள் படியிறங்கியதும் முழுப்பெயர்.

வீட்டிலும் பெரிய மரியாதை இல்லை. அவள் கணவன் பல் டாக்டர். "ஒரே குடும்பத்துல ஒருத்தர் நுழைவாயிலைப் பாத்துக்கறோம், ஒருத்தர் வெளிவாயிலைப் பாத்துக்கறோம். நடுவுல ஏதாவது கோளாறுன்னா வேற டாக்டரைத்தான் பாக்கணும்" என்பது விருந்தாளி ஒவ்வொருவரிடமும் அவன் சொல்லும் நகைச்சுவை. பல் பிடுங்க வந்தவர்களிடமும் சொல்வான். அவர்களால் சிரிக்க முடியாது. அதை ரசிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வான்.

முடிவு வந்தபோது அவள் அதை ஒருமுறைக்கு மூன்றுமுறை சரிபார்த்தாள். கணக்கு என்னவோ எளிமையானதுதான். மரபணுவில் குறித்த இடங்களில் ஒவ்வொரு உயிருக்கும் இரண்டிரண்டு எண்கள். ஒன்று அம்மா கொடுத்தது, இன்னொன்று அப்பா கொடுத்தது. அம்மாவிடம் இல்லாத எண் குட்டியிடம் இருந்தால் அது அப்பாவிடம் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அவர் அப்பா இல்லை. காலண்டரில் எத்தனை மாதம் வந்திருந்தாலும் இல்லை.

சக்கரவர்த்தி அவர்கள் அப்பா இல்லை. ஒரு குட்டிக்குக்கூட இல்லை. குட்டிகளைப் பெற்ற இரண்டு பெண் சிறுத்தைகளும் அவருடன் ஒரே வயிற்றில் பிறந்தவை. அந்த வகையில் அவர் குட்டிகளுக்குத் தாய்மாமன்.

அது மட்டுமில்லை. அவருடைய பெயரில் அவளிடம் இருந்த எச்சம் எல்லாம் பழையது. மூன்று வருடமாகப் புதிதாக எதுவும் வரவில்லை. அவர் உருவம் காட்டில் வைத்திருந்த கேமராவில் கடைசியாகப் பதிந்ததும் அப்போதுதான். மூன்று வருடமாக வெளிக்குப் போகாத ஒருவர் மகானாக இருக்க வேண்டும், அல்லது உயிரோடு இல்லாதவராக இருக்க வேண்டும்.

நான்கு குட்டிகளுக்கும் அப்பன் குப்பையன்.

குப்பையனைப் பற்றி அலுவலகத்தில் யாரும் அறிவிப்பு வெளியிட்டதில்லை. அலுவலக வளாகத்து விருந்தினர் மாளிகையின் பின்சுவரை ஒட்டியிருந்த குப்பைமேட்டில் நாயும் பன்றியும் பிடித்துத் தின்று திரிகிற ஆண் சிறுத்தை அது. ஒரு காது பாதிக்கு மேல் இல்லை. அதன் எச்சத்தை எடுக்க ஜீப்காரர்கள் ஜீப்பை விட்டு இறங்குவதுகூட இல்லை. கதவைத் திறந்து குனிந்தால் கிடைத்துவிடும். யாருக்கும் வேண்டாத எச்சம். அவள்தான் ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தாள், ஏனென்றால் அதன் எண்கள் இந்த மலையில் வேறு எந்தச் சிறுத்தையிடமும் இல்லாத எண்கள்.

அதுதான் அவளை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. இந்த மலைக்காடு ஒரு தீவு மாதிரி. ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் நாலு வண்டிகள் ஒன்றாகப் போகிற நெடுஞ்சாலை. உள்ளே இருக்கிற சிறுத்தைகள் அண்ணன் தங்கையும், மாமன் மருமகளும், ஒன்றுவிட்டதும் இரண்டுவிட்டதுமாக ஒரே குடும்பம். சில வருடங்களாகப் பிறந்த குட்டிகளுக்கு வால் நுனி மடங்கியிருந்தது. அவற்றில் ஒன்றுகூட அடுத்த மழையைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எங்கிருந்தோ, அந்த நெடுஞ்சாலையைத் தாண்டி, ஒரு தொழிற்சாலை முற்றத்துக்குள் புகுந்து, ஒரு காதை எங்கேயோ கொடுத்துவிட்டு, குப்பையன் வந்து சேர்ந்தது. இந்த நான்கு குட்டிக்கும் வால் நேராக இருந்தது. அந்த மலையில் சிறுத்தை என்று ஒன்று இருக்கப்போகிறதா இல்லையா என்பது குப்பைமேட்டில் நாய் தின்றுகொண்டிருந்த ஒருவனைப் பொறுத்திருந்தது.

அன்று சாப்பிடும்போது வீட்டில் சொன்னாள். கணவன் சிரித்தான். மாமனார் சிரிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். சாப்பாட்டு மேசைக்கு எதிரே சக்கரவர்த்தி காலண்டரை மாட்டிவைத்து, மாதம் பிறந்ததும் தாளைத் தானே புரட்டுகிறவர். தட்டைத் தள்ளி வைத்தார்.

"அவர் அப்படிப்பட்டவர் இல்லம்மா."

"அதைத்தான் மாமா நானும் சொல்றேன். அவர் அப்படிப்பட்டவரே இல்லை."

"குப்பையில பொறுக்கித் தின்னறதை எல்லாம் கொண்டுவந்து அவர் இடத்துல வெக்கறதா?"

கணவன் குறுக்கே வந்து, அப்பா, அந்த இடத்துக்கு அவர் போகவே இல்லையாம், அதுதான் பிரச்சினையே என்றான். அன்றிலிருந்து மாமனார் மருமகளிடம் பேசவில்லை.

இயக்குநர் பேசினார். நிறையவே பேசினார். அவருடைய மேசையில் எண்கள் அச்சிட்ட தாள்களை அவள் பரப்பி விளக்கியபோது, ஒரு ஓவியத்தைப் பார்ப்பது போலத் தள்ளி நின்று பார்த்தார். எத்தனை சதவீதம் உறுதி என்று கேட்டார். தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது என்றாள். அவர் முகம் மலர்ந்தது. அப்படியானால் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. சந்தேகத்தின் பலனைச் சக்கரவர்த்திக்குக் கொடுப்பதுதானே நியாயம் என்றார். சக்கரவர்த்தி குட்டிகளுக்குத் தாய்மாமன் என்று அவள் சொன்னதும் யோசித்தார். தாய்மாமன் சிலை என்று வைத்தால் அமைச்சர் வருவாரா என்று எதிரொலியைக் கேட்டார். எதிரொலிக்கு முதல் தடவையாக வாக்கியத்தின் கடைசிச் சொல் தெரியவில்லை.

எனவே குழு கூடியது. அரசாங்கத்தில் உண்மை தெரிந்துவிட்டால் அடுத்ததாகச் செய்ய வேண்டியது குழு கூட்டுவது. நான்கு குட்டிகளின் தந்தை சக்கரவர்த்தியே எனத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. விவாதம் நடந்தது. கணக்குப் பிரிவு அலுவலர் சக்கரவர்த்தியின் தோற்றப் பொலிவைக் குறிப்பிட்டுப் பேசினார். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். அவள் ஒருத்தியைத் தவிர எல்லாக் கையும் மேலே போயிற்று. தந்தைமை பெருமளவு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. பெண் சிறுத்தைகளின் கருத்து கேட்கப்படவில்லை.

இரண்டாவது பொருள் ஒன்று இருந்தது. எல்லோரும் எழுந்து நாற்காலியைத் தள்ளுகிற நேரத்தில் எதிரொலி அதை வாசித்தார். விழாவுக்கு வரும் அமைச்சர் விருந்தினர் மாளிகையில் தங்குகிறார். பின்னாலிருக்கும் குப்பைமேட்டில் ஒரு சிறுத்தை திரிகிறது. அதுவரை அது மனிதர் யாரையும் தொட்டதில்லை; ஆனால் ஒருமுறை எதிரொலியை அவருக்குப் பிடிக்காத விதத்தில் பார்த்திருக்கிறது. ஆகவே அதைப் பிடித்துக் கூண்டிலேற்றித் தூரத்து மிருகக்காட்சி சாலை ஒன்றுக்கு அனுப்பிவிடுவது. கூண்டு ஏற்கெனவே வந்து பின்கட்டில் நிற்கிறது.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் அது சாய்ந்து விழுந்தது. மடங்கிய வாலைப் பற்றிச் சொன்னாள். ஒரே குடும்பத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்த இரத்தத்தைப் பற்றிச் சொன்னாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் பத்துப் பதினைந்து வருடத்தில் இந்த அலுவலகத்துக்கு வேலையே இருக்காது, நாமெல்லாம் சிலையைப் பாதுகாத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்றாள். உணர்ச்சிவசப்படாதீங்க என்றார் இயக்குநர். 'வசப்படாதீங்க' என்றார் எதிரொலி. காபி வந்தது.

மறுநாள் அவள் ஆய்வகத்துக்குப் போகாமல் நேரே கணவனின் கிளினிக்குக்குப் போனாள். சாய்வு நாற்காலியில் கன்னம் வீங்கிய ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார். வாயைத் திறந்து வைத்திருக்கிற ஆள் முன்னால் எந்த ரகசியத்தையும் பேசலாம் என்பது அந்தத் தொழிலில் உள்ள ஒரே வசதி. தன் திட்டத்தைச் சொன்னாள். இதுநாள்வரை அவள் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. மங்கலாக வந்த முடிவைத் தெளிவு என்று சொன்னதில்லை. அதை அவனும் அறிவான். அதனால் கையிலிருந்த கொக்கியை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"பொய்யின்னு தெரிஞ்சேதான் போடப்போறியா கையெழுத்து?"

"எண்ணை மாத்தலை. பேரை மட்டும் மாத்தறேன்."

"பேரு உன் வேலை இல்லைன்னு நீதானே சொல்வ எப்பவும்."

"அது இந்தக் காட்டுலயே இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு. யார் பேருல இருந்தா என்ன?"

நாற்காலியில் இருந்தவர் ஏதோ சொல்ல முயன்றார். கணவன் அவர் வாயில் பஞ்சை வைத்தான்.

இயக்குநர் அறைக்குள் அவள் நுழைந்தபோது அவர் விழா அழைப்பிதழில் தன் பெயர் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை. ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு என்று ஆரம்பித்தாள். அந்தச் சொல் கேட்டதும் அவர் பேனாவை வைத்தார்.

"சார், குப்பைமேட்டுல இருக்கறது வேற யாரோ இல்லை. அவர்தான் சக்கரவர்த்தி."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு வருஷமா அவரைக் காணோம்னு நினைச்சோம். மாறுவேஷத்துல மக்களைப் பாக்க வந்த மாதிரி இங்கயே இருந்திருக்காரு. பழைய எச்சத்துக்குத்தான் யாரோ தப்பா அவர் பேரைப் போட்டிருக்காங்க."

"ஒரு காது இல்லையே அதுக்கு... அவருக்கு?"

"சண்டையில போயிருக்கும்."

"வீரத்தழும்பு" என்றார் இயக்குநர் மெதுவாக. மூலையில் நின்ற எதிரொலி அதே நொடியில் 'தழும்பு' என்றார்.

புள்ளிகளை ஒப்பிட்டால் தெரிந்துவிடாதா என்று எதிரொலிக்கு ஒரு சந்தேகம். மனிதர் சமயத்தில் யோசிக்கவும் செய்வார். அவள் அதற்கும் தயாராக வந்திருந்தாள். சிறுத்தைக்கு இடது பக்கப் புள்ளி வேறு, வலது பக்கப் புள்ளி வேறு. சக்கரவர்த்தியின் புகழ்பெற்ற படங்கள் எல்லாம் இடது பக்கம் காட்டி எடுத்தவை. காலண்டரில் பன்னிரண்டு மாதமும் அவர் ஒரே பக்கம்தான் நடக்கிறார். குப்பைமேட்டுக் கேமரா சுவரோரம் இருப்பதால் அதில் விழுந்தது எல்லாம் வலது பக்கம். இரண்டும் வேறு ஆள் என்று நிரூபிக்கக் கேமராவால் முடியாது. மரபணுவால்தான் முடியும். மரபணு அவள் கையில் இருந்தது.

இயக்குநர் எழுந்து ஜன்னலருகே போனார். சக்கரவர்த்தி உயிரோடு இருக்கிறார், தந்தையாகவும் இருக்கிறார், குழுவின் தீர்மானமும் சரியாகிவிட்டது, மரபணுவும் ஒத்துக்கொண்டது. இத்தனை நன்மை ஒரே நாளில் ஒரு அதிகாரிக்குக் கிடைப்பது அபூர்வம். தனக்கு முதலிலேயே அப்படி ஒரு உள்ளுணர்வு இருந்தது என்றார். கூண்டைத் திருப்பி அனுப்பச் சொன்னார். சக்கரவர்த்தியைப் பிடிக்க யாருக்குத் துணிச்சல் வரும் என்று கேட்டார். அவள் சான்றில் கையெழுத்துப் போட்டாள். அன்றே மாமனாரும் பேசத் தொடங்கினார். நான் அப்பவே சொன்னேனே, அவர்தான்னு, என்றார்.

இனி சிலைக்குக் காது வெட்ட வேண்டும். சிற்பி கோபக்காரர். ஒன்றரை மாதம் செதுக்கிய காது என்று சண்டைக்கு வந்தார். காதில்லாத சிறுத்தைக்கு என் பெயரைப் போடாதீங்க என்றார். வீரத்தழும்பு என்று இயக்குநர் விளக்கியதும், தழும்பு எந்தப் பக்கம் என்று கேட்டார். இடது என்று எதிரொலி கூறினார். சிலைக்கு இடதா, பார்க்கிறவர்களுக்கு இடதா என்பதை யாரும் கூறவில்லை. சிற்பி பார்க்கிறவர்கள் பக்கம் நின்று உளியை வைத்தார். அது தப்பான காது என்று தெரிந்ததும் விழுந்ததை எடுத்து ஒட்டிவிட்டு, மற்றதை வெட்டினார். ஒட்டிய காது கொஞ்சம் தடித்துப் போனதால் சக்கரவர்த்தி யாரோ சொல்வதை மிகுந்த கவனத்துடன் கேட்பது போல அமைந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது என்றார்கள்.

விழா சிறப்பாக நடந்தது. சிறப்பாக நடக்காத அரசு விழாவை இதுவரை யாரும் கண்டதில்லை. பந்தல், மைக், முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலிகள். அவளையும் மேடையில் உட்கார வைத்தார்கள்; எச்ச மேடத்துக்கு முதல்முறையாகச் சால்வை. அமைச்சர் திரையை விலக்கினார். எதிரொலி எழுதிக் கொடுத்த உரையை வாசித்தார். தந்தை என்பவர் யார், தந்தைமையின் மாண்பு என்ன, பொறுப்புள்ள தந்தைக்கு இலக்கணம் என்ன என்று நீண்ட உரை. கீழே உட்கார்ந்திருந்த அவள் கணவன் குனிந்து செருப்பைச் சரிசெய்வது போல் இரண்டு மூன்று தடவை சிரித்துவிட்டு நிமிர்ந்தான்.

உரை முடிந்ததோடு அமைச்சர் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் தாளில் இருந்தது தீர்ந்த பிறகும் அவருக்கு மைக் பிடித்திருந்தது. இந்த மாபெரும் ஜீவன் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார். இயக்குநர் காட்டின் திசையில் பொதுவாகக் கையை நீட்டினார். கூட்டத்திலிருந்த ஜீப்காரர் ஒருவர், உதவி செய்கிற எண்ணத்தில், இந்தச் சுவருக்குப் பின்னால்தாங்க, குப்பைமேட்டுல, என்றார்.

அமைச்சர் முகம் சிவந்தது.

"இந்தக் காட்டோட தகப்பனைக் குப்பையில விட்டு வெச்சிருக்கீங்களா?"

இயக்குநர் சிலையைப் பார்த்தார். எதிரொலியும்.

அமைச்சர் அங்கேயே அறிவித்தார். சக்கரவர்த்தி அவர்கள் இனி நாய் தின்ன வேண்டியதில்லை. பன்றி தேட வேண்டியதில்லை. சிலைக்குப் பின்னால் உள்ள இடத்தில் அவருக்கென்று தனி வளாகம். உயரமான கம்பி வேலி, தரையில் கல், குளிக்கத் தொட்டி, கோடைக்கு ஏர்கூலர், காவலுக்கு ஆள். ஒரு மயிர்க்கால்கூட அவருக்கு நோகக்கூடாது. பந்தல் அதிர்ந்தது. அவள் மேடையிலிருந்து பார்த்தாள். முன்வரிசையில் மாமனார் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

கூண்டைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள் அல்லவா, அது போகவில்லை. போவதற்கான லாரிக்கு இன்னும் அனுமதி வரவில்லை. தார்ப்பாய் போர்த்தியபடி பின்கட்டிலேயே நின்றது.

சால்வையைக் கழற்றிக்கூட வைக்காமல் அவள் இயக்குநரின் அறைக்குப் போனாள். அவர் மாலைகளை மேசைமேல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். அது வெளியில் இருந்தால்தான் குட்டி, வெளியில் இருந்தால்தான் காடு, அதற்காகத்தான் இத்தனையும் என்றாள். நான்கு பிள்ளை பெற்றவருக்கு ஓய்வு வேண்டாமா, நாமெல்லாம் ஓய்வு பெறவில்லையா என்றார் அவர். அவள் கதவைச் சாத்தினாள்.

"சார், அது சக்கரவர்த்தி இல்லை. குப்பையன்தான். நான் பொய் சொன்னேன். எழுதித் தர்றேன்."

இயக்குநர் அவளை நிதானமாகப் பார்த்தார். அந்த அலுவலகத்தில் அவள் வேலை பார்த்த காலம் முழுவதிலும் அவர் இவ்வளவு தெளிவாக யோசித்து அவள் பார்த்ததில்லை.

"எழுதிக் குடுங்க மேடம். ஆனா குப்பையன்னா பழைய உத்தரவு இருக்கே. அதை யாரும் ரத்து பண்ணலையே."

"அது..."

"அதுவும் பிடிக்கறதுதான். தூரமா அனுப்பிடுவோம். சக்கரவர்த்தின்னா இங்கயே இருப்பாரு. நீங்க தினம் பாக்கலாம். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அவள் நின்றாள். எதைச் சொன்னாலும் கதவு ஒரே பக்கம்தான் திறந்தது. எண்களை வைத்து ஒரு அப்பனைக் கண்டுபிடிக்க அவளால் முடிந்தது; அந்த அப்பனை அப்பனாகவே விட்டுவைக்க எந்த எண்ணும் இல்லை. எதிரொலி வாசலில் இருந்து எட்டிப் பார்த்து, 'நீங்களே சொல்லுங்க' என்றார்.

அவள் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

பிடிப்பது சுலபமாக இருந்தது. மனிதர் நடமாட்டத்துக்குப் பழகியிருந்ததால் குப்பையன் ஓடவில்லை. மயக்க ஊசி பட்டதும் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, குப்பைமேட்டின் மேலேயே மெல்லச் சாய்ந்தது. நான்கு பேர் தூக்கினார்கள். எதிரொலி பக்கத்தில் நடந்துகொண்டே, அவரைப் பார்த்துத் தூக்குங்க, தலையைப் பிடிங்க, என்று சொல்லிக்கொண்டு வந்தார். இப்போது அதுவும் 'அவர்'.

வளாகத்தில் ஏர்கூலர் ஓடியது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்தார்கள். வாசலில் பெரிய பலகை வைத்தார்கள். காட்டின் தந்தை என்று மேலே, மரபணுச் சான்று என்று கீழே, அதற்கும் கீழே அவள் பட்டம் முழுவதும் ஒரு எழுத்து விடாமல். மாமனார் வாரம் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, நல்லா இளைப்பாறுறார், இன்னிக்கு என்னைப் பாத்தாரு, என்று சொல்வார். அவள் தட்டில் கையை வைத்துக்கொண்டு கேட்டிருப்பாள். கணவன் அந்த வாரங்களில் பழைய நகைச்சுவையைச் சொல்வதில்லை.

இயக்குநருக்குப் பதவி உயர்வு வந்தது. எதிரொலி இயக்குநரானார்.

அந்த ஆண்டும் அதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளும் மலையிலிருந்து வந்த எச்சத்தில் புதுக் குட்டி எதுவும் இல்லை.